சீடி அடித்தவருக்குக் கூலி

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தமிழிலும் அச்சாகியிருக்கிறது. நம்முடைய வாசிகசாலைகளில் தேடினால் லேசில் கிடைக்காது. பத்திரிகைக் கட்டு இருக்கும், பழைய வினாத்தாள் இருக்கும், காணிப் பிரச்சினை பற்றிய கையேடுகூட இருக்கும். காணிக்காக வருடக்கணக்கில் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைந்த ஊர்கள் அல்லவா. புலமைச் சொத்து நமக்கெதற்கு என்று நினைத்துவிட்டோம். நினைத்தோம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. நினைக்கவேயில்லை.

அந்தச் சட்டம் தொடுகிற ஒரு வியாபாரம் கீரிமலையிலிருந்து சேந்தாங்குளம், இளவாலை, தெல்லிப்பழை வரை நம் கண்முன்னாலேயே நடந்தது. கேம் சீடி வியாபாரம். ஒறிஜினலை அப்படியே கொப்பி அடித்து விற்றதை விடுவோம். அது ஊரறிந்த சங்கதி. இங்கே சொல்ல வந்தது மாற்றிய கேம்களைப் பற்றி. பெடியளிடம் மவுசு அவற்றுக்குத்தான் இருந்தது.

கிரிக்கெட் 07ஐ எடுத்துக்கொள்வோம். கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் செய்து, இஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட கேம் அது. அந்த வருடம் ஓகஸ்டில்தான் முகமாலையில் சண்டை வெடித்து ஏ9 வீதி மூடப்பட்டது. அரிசிக்கும் சீனிக்கும் கப்பல் பார்த்துக் காத்திருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு, லண்டன் கடைகளில் அப்போதுதான் வந்த ஒரு கேம் எப்படி வந்து சேர்ந்தது? யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில்தான். வேறு வழி இருக்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. கிரிக்கெட் 07க்குப் பிறகு இஏ கணினிக்கென்று ஒரு கிரிக்கெட் கேமும் செய்யவில்லை. ஆனால் 2009 டிசெம்பரில் ஏ9 பொதுமக்களுக்குத் திறந்த பிறகு நம் கடைகளில் வருடத்துக்கொரு புதுக் கிரிக்கெட் கேம் தொங்கியது. உறையில் "ஐபிஎல்" என்று இருக்கும், "கிரிக்கெட் 2011" என்று இருக்கும். கலர் பிரிண்டரில் எடுத்த டோனியோ சங்கக்காரவோ சற்றுப் பச்சை பிடித்த முகத்தோடு சிரிப்பார். உள்ளே கிடந்தது அதே 2006ஆம் வருடத்துக் கேம்.

நடந்தது இதுதான். இஏக்கு உரிமம் கிடைக்காத அணிகளின் வீரர்கள் அந்தக் கேமில் திரிந்த பெயர்களோடு ஆடினார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நம் பக்கத்திலும் இருந்த இரசிகர்கள் நித்திரை முழித்து அந்தப் பெயர்களைத் திருத்தினார்கள். சீருடையின் நிறம், மட்டையின் ஸ்டிக்கர், எல்லைக்கோட்டு விளம்பரப் பலகை என்று ஒவ்வொரு படக் கோப்பாக எடுத்து மாற்றி வரைந்தார்கள். செய்த பேட்சை இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். வேறு யாரோ கேமையும், சீடி போடாமலே ஓடுகிற மாதிரி கிராக் பண்ணிய கோப்பையும், இந்த இலவச பேட்சையும் ஒன்றாகக் கட்டி ஒரு டிவிடியில் ஏற்றினார். கடைக்காரர் அதைப் பெருக்கினார். 2011 உலகக் கிண்ண இறுதியை நாம் வீட்டுக் கணினியில் திரும்பத் திரும்ப ஆடி இலங்கையை வெல்ல வைத்தோம். வீட்டுக்கு வீடு அரசியல் வேறு. சில வீடுகளில் இந்தியாவே வென்றுகொண்டிருந்தது. எந்த அணி வென்றாலும் வர்ணனை மட்டும் றிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும்தான். வான்கடேயில் நடக்கிற ஆட்டத்துக்கு ஆஷஸ் வர்ணனை. அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டும், இது வேறு யாருடையவோ வீட்டுச் சாமான் என்று.

ஐம்பதோ நூறோ கொடுத்தோம். அந்தக் காசு சீடி அடித்தவருக்குப் போனது. கேமைச் செய்த கொம்பனிக்கு ஒரு சதமும் இல்லை. நித்திரை முழித்துப் பேட்ச் செய்த பெடியனுக்கும் ஒரு சதமும் இல்லை. அவனுடைய பெயரைக்கூட உறையில் போடவில்லை. நாம் கேட்கவுமில்லை.

சட்டம் இதில் சுற்றி வளைத்துப் பேசவில்லை. கணினி நிரலைப் புத்தகத்தோடும் கட்டுரையோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. பிரதி எடுப்பது, மாற்றியமைப்பது, விற்றோ வாடகைக்கு விட்டோ பொதுமக்களிடம் கொண்டுபோவது எல்லாம் உரிமையாளருடைய அனுமதியோடு நடக்க வேண்டியவை. சொந்தப் பாவனைக்கு ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்ற பொதுவான சலுகை கணினி நிரலுக்கு இல்லை. தெரிந்துகொண்டே மீறினால் நீதவான் முன்னிலையில் விளக்கம்; நமக்கு அது மல்லாகம் நீதிமன்றம். ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல், இல்லையென்றால் இரண்டும். இரண்டாம் முறை அகப்பட்டால் இரட்டிப்பு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் அந்த நிரலை உழைப்புக்குப் பாவிப்பவருக்கு அதே தண்டனையோடு தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விட்ட கேம் சென்ரர்கள் அதற்குள்தான் விழும். கொப்பி சீடி ஓடுவதற்காகச் சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2கள் வரிசையாக இருந்த அறைகளில் நம் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் நாம்தான். பிள்ளை றோட்டில் திரியாமல் ஓரிடத்தில் இருக்கிறானே என்று நிம்மதியும் பட்டோம்.

அதே சட்டத்தில் ஒரு சின்ன வாசலும் இருக்கிறது. நிரலின் பிரதியொன்றை முறைப்படி சொந்தமாக வைத்திருப்பவர், வாங்கிய நோக்கத்துக்கு அதைப் பாவிக்க அவசியமானால், யாரையும் கேளாமல் ஒரு பிரதி எடுக்கலாம், மாற்றியமைக்கலாம். பழுதானால் உதவும் என்று பாதுகாப்புப் பிரதியும் வைத்திருக்கலாம். சீருடையை மாற்றுவது "அவசியமான" மாற்றமா என்று சட்டத்தரணிகள் வாதாடட்டும். அந்த வாதத்தைத் தொடங்குவதற்கே முறைப்படி வாங்கிய பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். தன் அறையில் தன் கணினியில் தனக்காக மட்டும் கேமை மாற்றிக்கொண்ட பெடியன் சொல்லிப் பார்க்கக்கூடிய ஒரேயொரு நியாயம் அது. முதல் சீடியையே கொப்பியாக வாங்கிக் கொடுத்து அந்த நியாயத்தையும் அவனிடமிருந்து பறித்தவர்கள் பெற்றோராகிய நாம்.

வெளியே இந்த வழக்குகள் எப்போதோ நடந்து முடிந்துவிட்டன. டியூக் நியூகெம் 3டி என்ற கேமை விற்றவர்கள், விளையாடுபவர்களே புதிய தளங்களைக் கட்டுவதற்கான கருவியையும் கூடவே கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, கட்டியதை இலவசமாக மட்டும் பகிர வேண்டும். மைக்ரோ ஸ்டார் என்ற கொம்பனி இணையத்தில் கிடந்த 300 தளங்களைப் பொறுக்கி "நியூக் இட்" என்ற பெயரில் சீடியாக விற்றது. 1998இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உரிமை மீறல் என்றது. நம் கிரிக்கெட் டிவிடியின் கதையும் இதுவேதான், ஒரு வித்தியாசத்தோடு. மைக்ரோ ஸ்டார் விற்றது இரசிகர்களின் தளங்களை மட்டும்; மூலக் கேமை வாடிக்கையாளர் தனியாக வாங்கித்தான் வைத்திருக்க வேண்டும். நாம் மூலக் கேமையும் அதே டிவிடியில் சேர்த்தல்லவா வாங்கினோம்.

எல்லா மாற்றத்தையும் குற்றம் என்று உலகம் தள்ளிவிடவுமில்லை. கேம் ஜீனி என்ற சாதனம் நின்டென்டோ கேம்களில் உயிர்களைக் கூட்டிக் கொடுத்தது. 1992இல் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் அதை விற்கலாம் என்றது, ஏனென்றால் அது கேமிலிருந்து நிலைத்த வடிவில் புதிய படைப்பு எதையும் உண்டாக்கவில்லை. 2024 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஓடிக்கொண்டிருக்கும் கேம் நினைவகத்தில் வைக்கும் மதிப்புகளை மட்டும் மாற்றும் மென்பொருள், கேம் நிரலின் பதிப்புரிமையை மீறவில்லை என்று சோனிக்கு எதிராகத் தீர்த்தது. ஜப்பானில் வேறு மாதிரி. ஒரு காதல் கேமின் சேமிப்புத் தரவை மாற்றி மெமரி கார்ட்டில் விற்றவரை, கதையைச் சிதைத்தார் என்று 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே பிழைகாரர் ஆக்கியது. எங்கே கோடு கிழிப்பது என்று நீதிபதிகளே தலையைச் சொறிகிற விடயம் இது. நமக்கோ கோடு ஒன்று இருக்கிறதென்ற எண்ணமே இருக்கவில்லை.

நம்மிடம் ஒரு சாக்கு எப்போதும் தயாராக இருந்தது: போர்க்காலப் பொருளாதாரத் தடை. அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். 1990இல் போரால் கீரிமலையும் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதியும் வெறிச்சோடின. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. பற்றரிக்கே தடை என்ற காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலை மிதித்து டைனமோவில் றேடியோ கேட்ட சனம் ஒறிஜினல் சீடிக்கு எங்கே போகும்? கொப்பி அடித்ததால்தான் பாட்டு கேட்டோம், படம் பார்த்தோம், கணினி படித்தோம். கொப்பி விண்டோஸ் இல்லாவிட்டால் இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் மென்பொருள் எழுதுகிற நம் பிள்ளைகளில் பலர் விசைப்பலகையையே கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் பழக்கம் தடைக்கு முந்தியது. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து றெக்கோர்டிங் பார்களில், வெற்றுக் கசெற்றையும் பாட்டு லிஸ்றையும் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வந்து எடுத்துப் போனோமே, அப்போது என்ன தடை? தடை வந்தது பழக்கத்துக்கு ஒரு நியாயம் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த நியாயமும் ஏ9 திறந்ததோடு காலாவதியாகியிருக்க வேண்டும். நாம் புதுப்பித்துக்கொண்டேயிருந்தோம். இப்போது கேட்டால் கிரெடிட் கார்ட் இல்லை என்கிறோம், டொலர் ஏறிவிட்டது என்கிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால் அதே வீட்டில் மாதம் தவறாமல் டேட்டாவுக்கு றீலோட் போடுகிறோம், பிள்ளைக்குப் புது போன் வாங்குகிறோம். காசு இருக்கிறது, கேமுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை.

இப்போது சீடிக் கடைகள் இல்லை. வியாபாரம் போனுக்குள் போய்விட்டது. இந்தோனேசியாவின் மாலியோ என்ற நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கேம் நம் பெடியளின் கைகளில் இருக்கிறது. வெளியாருடைய வாகனங்களை உள்ளே கொண்டுவர அதில் அனுமதி உண்டு. பஸ்ஸுக்கு நிறம் அடிக்க வெற்றுப் படிவத்தையும் அவர்களே கொடுக்கிறார்கள். இலங்கைப் பெடியள் அதற்குள் லேலண்ட் வைக்கிங் பஸ்ஸை ஓட விட்டார்கள். முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பெயர், உள்ளே சாமிப் படம், அதைச் சுற்றி மினுங்குகிற லைற், ஹோர்னில் பழகிய மெட்டு. ஒரு பஸ்ஸைக் கவனமாகப் பார்த்தேன். பின்பக்கத்து ஏணியின் இரண்டாவது படி வளைந்திருந்தது. உண்மையான பஸ்ஸில் வளைந்திருப்பதால் இதிலும் வளைத்திருக்கிறான். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேம்காரர் திறந்துவிட்ட கதவால் போய், சொந்தக் கையால் செய்த வேலை.

திருட்டு அதற்குப் பிறகு வருகிறது. செய்தவன் பஸ்ஸைப் பூட்டி, கடவுச்சொல்லுக்குச் சிறு தொகை கேட்டு வட்ஸ்அப்பில் விற்கிறான். வாங்கிய ஒருவன் பூட்டை உடைத்து, செய்தவனின் பெயரை அழித்து, தன் பெயரைப் போட்டுப் பாதி விலைக்கு விற்கிறான். மூன்றாமவன் சும்மா பகிர்கிறான். செய்தவன் புலம்புகிறான். யாரிடம் போய்ச் சொல்வான்? நம்மிடம் வந்தால், கேமைப் பார்த்துக் கண்ணைக் கெடுக்காமல் படிக்கிற வழியைப் பார் என்போம். அவனுடைய கை வேலை சட்டம் காக்கிற ஒரு படைப்பு என்பதை அவனுக்குச் சொல்ல நமக்குத் தெரியாது. அவன் பஸ்ஸின் பக்கவாட்டில் அப்படியே பிரதி பண்ணிய அம்மன் படம், பஸ்ஸுக்குப் பெயின்ற் அடித்த ஓவியருடைய படைப்பு என்பதையும் சொல்லத் தெரியாது. அவனும் கேட்கவில்லை. கேளாமல் எடுப்பதை அவன் நம்மிடமிருந்துதானே பார்த்துப் பழகினான்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கை எடுங்கள். நெற்கபேகளில் நம் பெடியள் தொண்டை கிழியக் கத்தி விளையாடிய கேம். அதுவே முதலில் ஒரு மாற்றம்தான். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள், வால்வ் நிறுவனத்தின் ஹாஃப் லைஃப் கேமை மாற்றி அதைச் செய்து இலவசமாக விட்டார்கள். மின் லீ, கனடாவில் வாழ்ந்த வியட்னாமியக் குடும்பத்துப் பிள்ளை. போரிலிருந்து தப்பி வந்த சனத்தின் பிள்ளைகள் எப்படியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. வால்வ் அவர்களைத் துரத்தவில்லை. உரிமையை வாங்கி, இருவரையும் வேலைக்கு எடுத்து, 2000இல் அதைத் தன் வெளியீடாகவே விற்றது. மாற்றுகிறவனுக்கு அனுமதி கேட்டும் ஒரு வழி இருக்கிறது, அதில் உழைப்பும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது? ஆயிரம் மணித்தியாலம் அந்தக் கேமை விளையாடிய பெடியளுக்கு இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் சொல்லவில்லை, கேமென்றாலே அவர்களுக்கு முகம் சுளிக்கும். பத்திரிகைக்காரராகிய நாம் எழுதவில்லை. கேமைப் பற்றி எழுதினால் இணையத்துக்கு அடிமையான இளைஞர் என்ற தலைப்பு மட்டும்தான் நமக்கு வரும்.

பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் மென்பொருள் திருட்டுப் பற்றிக் கேள்வி வந்தால் பிள்ளைகள் சரியான விடை எழுதுவார்கள். அந்தப் பயிற்சித்தாளை நாம் தட்டச்சுச் செய்தது கொப்பி மென்பொருளில் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ரியூசன் கொட்டிலில் அடுத்த ஆசிரியரின் நோட்ஸைப் போட்டோக்கொப்பி எடுத்து முன்பக்கத்தை மட்டும் மாற்றி விற்பதும் தெரியும். நம் ஊர்ப் பெடியள் குறும்படம் எடுத்து வெளியிட்ட அன்றைக்கே இன்னொருவர் தன் பக்கத்தில் ஏற்றிவிட்டால் நாம் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பை வெளியூர்க்காரன் ஒருவனுக்காக ஒருதரமாவது காட்டியிருக்கிறோமா?

கடைக்காரரைப் பிடித்துக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் மீள்குடியேறிய கையோடு, கிடைத்த கடன் காசில் ஒரு கணினி வாங்கிப் பிழைப்பைத் தொடங்கியவர்கள். வாங்க ஆளிருந்தது, விற்றார்கள். சட்டத்தின் முன் விற்றவர் பெரிய பிழைகாரர். ஊரின் முன் வாங்கிய நாம் பெரிய பிழைகாரர். இந்த விடயத்தில் என் தீர்ப்பு அதுதான்.

தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்மாரிடம் ஒரு பாடவேளையைக் கேட்கிறேன். பாடத்திட்டத்தின் வரைவிலக்கணம் வேண்டாம். வகுப்பில் கேமுக்கு பஸ் செய்கிற பெடியன் ஒருவனாவது இருப்பான். அவனுடைய பஸ்ஸைத் திரையில் போடுங்கள். கேம் யாருடையது, மொடல் யாருடையது, பக்கத்து ஓவியம் யாருடையது, இதில் எதை அவன் விற்கலாம், எதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். அவன் தானாக வரைந்த பகுதிக்கு இலங்கையில் எந்தப் பதிவும் தேவையில்லை, வரைந்த கணத்திலிருந்தே பதிப்புரிமை அவனுடையது, அவன் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.